கையெழுத்துப் போடும் வயதுக்கு முன்: பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பள்ளிப் பாடத்திட்டம் வகுக்கும் குழுவினருக்கு,

வணக்கம்.

பள்ளியின் கடைசி ஆண்டுகளில் தனிநபர் நிதியைப் பாடமாக வைக்க வேண்டும் என்ற பேச்சு பல நாடுகளில் நடக்கிறது. சில இடங்களில் பாடமாகவே வந்துவிட்டது. வைக்க வேண்டும் என்பதுதான் என் கருத்தும். ஆனால் இதுவரை என் கைக்கு வந்த பாட ஏடுகளைப் புரட்டினால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. முதல் அத்தியாயம் பணத்தின் வரலாறு, பண்டமாற்றிலிருந்து தொடங்கும். அடுத்தது வங்கிகளின் வகைகள். அப்புறம் சேமிப்பின் சிறப்பு. கடைசியில் 'வரவு செலவுத் திட்டம் என்றால் என்ன? விளக்குக' என்று ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி. இப்படி ஒரு பாடம் வருவதை விட வராமலே இருக்கலாம். வந்துவிட்டால், சொல்லிக் கொடுத்தாகிவிட்டது என்று எல்லோரும் கை கழுவிவிடுவார்கள்.

நான் சில ஆண்டுகள் கடன் கொடுக்கும் பக்கத்து மேசையில் வேலை பார்த்திருக்கிறேன். இப்போது பள்ளியில் கடைசி ஆண்டு மாணவர்களுக்குக் கணக்கு நடத்துகிறேன். இரண்டு பக்கத்திலும் இருந்து பார்த்ததில் எனக்குப் பட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வயதுக்காரருக்குப் பணத்தைப் பற்றிய அறிவுரை அவ்வளவாகத் தேவையில்லை. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் தான் கையெழுத்துப் போடப்போகும் காகிதங்களைப் படிக்கத்தான் அவருக்குத் தெரிய வேண்டும். கடன் ஒப்பந்தம், கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட், சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், காப்பீட்டு பாலிசி. பாடம் இந்தக் காகிதங்களைச் சுற்றி அமையட்டும். பண்டமாற்றை வரலாற்று ஆசிரியர் பார்த்துக்கொள்வார்.

பெரும்பாலான நாடுகளில் பதினெட்டு வயது நிறையாதவர் போடும் ஒப்பந்தம் அவரை முழுமையாகக் கட்டுப்படுத்தாது. பதினெட்டாவது பிறந்தநாளுக்கு மறுநாள் போட்டால் கட்டுப்படுத்தும். ஒரே இரவில் அந்தப் பிள்ளைக்குப் புதிதாக எதுவும் தெரிந்துவிடவில்லை. சட்டம் மட்டும் மாறியிருக்கிறது. அது மாறும் தேதி முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியும், கடன் விற்பவர்களுக்கும் தெரியும். அந்தத் தேதிக்கு முந்தைய ஆண்டு முழுக்கப் பிள்ளைகள் நம் கையில், வகுப்பறையில்தான் இருக்கிறார்கள்.

நிதிக் கல்வி வேண்டும் என்பவர்கள் முதலில் எடுத்து நீட்டும் ஆதாரம் மூன்று கேள்விகள். அன்னமரியா லுசார்டி, ஒலிவியா மிட்செல் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் வகுத்தவை. 2004-இல் அமெரிக்காவில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் நடந்த ஒரு பெரிய கணக்கெடுப்பில் கேட்கப்பட்டன. ஆண்டுக்கு 2 சதவீத வட்டிக்கு 100 போட்டால் ஐந்து ஆண்டில் அது 102-ஐத் தாண்டியிருக்குமா? வட்டி 1 சதவீதம், விலைவாசி ஏற்றம் 2 சதவீதம் என்றால் ஓராண்டு கழித்து அந்தப் பணத்துக்குக் கிடைக்கும் பொருள் கூடுமா, குறையுமா? ஒரே நிறுவனத்தின் பங்கில் போடுவது பாதுகாப்பா, பல பங்குகள் சேர்ந்த ஃபண்டில் போடுவதா? மூன்றுக்கும் சரியாகப் பதில் சொன்னவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அரை ஆயுள் பணத்தோடு பழகியவர்களின் நிலைமை இது. 2014-இல் 140-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஒன்றரை லட்சம் பேரிடம், கேள்விகளைச் சற்று மாற்றிக் கேட்டுப் பார்த்தார்கள். அப்போதும் அடிப்படை தெரிந்தவர்கள் மூன்றில் ஒருவர்தான்.

சரி, தெரியவில்லை என்றால் சொல்லிக் கொடுத்துவிட வேண்டியதுதானே என்று தோன்றும். இங்கேதான் உங்கள் குழு கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அதே 2014-இல் ஃபெர்னாண்டஸ், லிஞ்ச், நெட்மையர் என்ற மூவர், அதற்கு முன் வந்த 201 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். மக்கள் பணத்தைக் கையாளும் விதம் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது அல்லவா, அந்த வேறுபாட்டில் நிதிக் கல்வியால் விளக்க முடிந்தது வெறும் 0.1 சதவீதம். மணிக்கணக்கில் நடத்திய பாடங்கள்கூட இருபது மாதம் போனால் ஏறக்குறைய நடத்தாததற்குச் சமமாகிவிட்டன. நிதிக் கல்வி வீண் என்று சொல்பவர்களுக்கு இது பிடித்தமான கட்டுரை. 2022-இல் வேறொரு குழு, ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்த 76 பரிசோதனைகளை மட்டும் எடுத்துப் பார்த்தபோது இவ்வளவு மோசமில்லை, பலன் இருக்கிறது என்று வந்தது. இரண்டு தரப்பும் இன்னும் மோதிக்கொண்டிருக்கின்றன. என் பார்வையில் 2014 கட்டுரையில் மிகவும் பயனுள்ள பகுதி அந்தச் சதவீதம் இல்லை, அவர்கள் கொடுத்த ஆலோசனைதான்: முடிவெடுக்கும் நேரத்துக்கு ஒட்டி, அந்த முடிவுக்கு வேண்டியதைச் சொல்லிக் கொடுங்கள். பதினான்கு வயதில் வீட்டுக் கடனைப் பற்றி நடத்துவது வீண். முப்பது வயதில் அதை நினைவு வைத்திருக்க யாராலும் முடியாது. ஆனால் மூன்று மாதத்தில் கல்விக் கடனில் கையெழுத்துப் போடப்போகிற பிள்ளையிடம் கல்விக் கடன் ஒப்பந்தத்தையே கொடுத்துப் பாருங்கள், வகுப்பில் ஒருவர்கூடத் தூங்க மாட்டார்கள்.

இனி காகிதங்களுக்கு வருகிறேன். கடன் ஒப்பந்தத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முன்பு சோறு போட்ட தொழில்.

ஒரு லட்சம் கடன் என்று வைத்துக்கொள்வோம். எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் கணக்கு மாறாது. ஆண்டு வட்டி 12 சதவீதம், பன்னிரண்டு மாதத் தவணை. வட்டி 12,000, அசலோடு சேர்த்து 1,12,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 9,333. ஃபிளாட் வட்டி என்று இதைச் சொல்வார்கள். கேட்பவருக்கு இதில் ஒரு குறையும் தெரியாது. பக்கத்திலேயே இன்னொரு கடன் கொடுப்பவர், நிலுவை குறையக் குறைய வட்டியும் குறையும் முறையில் 18 சதவீதம் என்கிறார். 12 எங்கே, 18 எங்கே என்று பிள்ளை முதலாமவரிடம் போய் நிற்கும். ஆனால் 18 சதவீதக் கடனுக்கு மாதத் தவணை 9,168 தான். பெரிய எண் எழுதியிருக்கும் கடன்தான் மலிவு.

இதை வகுப்பில் பலகையில் போட்டால் முதலில் யாரும் நம்ப மாட்டார்கள். வாய்பாட்டைத் தந்து நம்ப வைப்பதில் பயனில்லை, ஒரு கேள்வி கேட்டால் போதும். கடைசி மாதத்தில் நீங்கள் திருப்ப வேண்டிய அசல் எவ்வளவு? ஒரு லட்சத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்ததில் ஒரு பங்கு, 8,333. அந்த மாதமும் வட்டியாக 1,000 கட்டுகிறீர்கள். 8,333-க்கு ஒரே மாதத்தில் 1,000 என்றால் அந்த ஒரு மாதத்துக்கே 12 சதவீதம் ஆகிறது. என்றோ திருப்பிக் கொடுத்துவிட்ட பணத்துக்கும் சேர்த்துக் கடைசி வரை வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். குறையும் நிலுவையில் கணக்கிட்டால் அந்த '12 சதவீதம்' உண்மையில் 21 சதவீதத்தைத் தாண்டுகிறது. பிராசஸிங் கட்டணம் என்று 2,000-ஐ முன்கூட்டியே பிடித்துக்கொண்டு 98,000-ஐ மட்டும் கையில் தந்தால் 25 சதவீதத்தையும் தாண்டும். ஒப்பந்தத்தில் ஒரு பொய்யும் இருக்காது. எழுதியிருப்பது எல்லாம் உண்மைதான்.

எல்லாக் கட்டணத்தையும் சேர்த்து ஒரே ஆண்டு விகிதமாகக் காட்டியே தீர வேண்டும் என்று அமெரிக்காவில் 1968-லேயே சட்டம் வந்தது. அதன்பின் வேறு பல நாடுகளிலும் இதுபோன்ற விதிகள் வந்தன. ஆக அந்த எண் பெரும்பாலும் காகிதத்தில் எங்கோ ஓரிடத்தில் இருக்கும். இருக்கும் இடத்தைத் தேடிப் பிடிக்கவும், இல்லாவிட்டால் 'குறையும் நிலுவையில் இது எத்தனை சதவீதம்?' என்று கூச்சப்படாமல் கேட்கவும் பிள்ளைக்குப் பழக்க வேண்டும். கூச்சப்படாமல் என்பதை அழுத்திச் சொல்கிறேன். நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த காலத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் மிகக் குறைவு. கேட்டவர்களை மேசைக்காரர்கள் மரியாதையாகத்தான் நடத்தினார்கள். ஏன் என்று உங்களுக்கே புரியும்.

கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்டில் பிள்ளைகள் முதலில் பார்ப்பது 'குறைந்தபட்சத் தொகை' என்ற கட்டத்தை. அதைக் கட்டினால் அந்த மாதம் தொல்லை இல்லை. ஒரு கணக்குப் போடுவோம். நிலுவை ஒரு லட்சம், மாத வட்டி 3 சதவீதம், குறைந்தபட்சத் தொகை நிலுவையில் 5 சதவீதம். புதிதாக எதுவும் வாங்காமல் மாதம் தவறாமல் குறைந்தபட்சத்தை மட்டும் கட்டி வருகிறார் ஒருவர். ஓராண்டில் அவர் கட்டியிருப்பது சுமார் 55,000. குறைந்த கடன் சுமார் 23,000. மீதி 32,000 வட்டிக்கே போய்விட்டது, இன்னும் 77,000 பாக்கி. கடன் பாதியாவதற்கே இரண்டரை ஆண்டுக்கு மேல் ஆகும். ஒழுங்காகக் கட்டுகிறவரின் கதை இது, தவணை தவறியவரின் கதை அல்ல. இதை மாணவர்கள் அட்டவணையாகத் தாங்களே போட வேண்டும், பன்னிரண்டு வரிசை, கால்குலேட்டர் போதும். ஆறாவது வரிசை தாண்டும்போது சிலர் தலையை நிமிர்த்தி ஆசிரியரைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை போதும், அதற்கு மேல் ஆசிரியர் எதையும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு சங்கதியும் உண்டு. 2009-இல் வெளியான ஒரு சோதனையில், குறைந்தபட்சத் தொகை அச்சிட்ட பில்லைப் பார்த்தவர்களில் முழுத்தொகையும் கட்டாதவர்கள், அந்தத் தொகை அச்சிடாத பில்லைப் பார்த்தவர்களை விடக் குறைவாகவே கட்ட முன்வந்தார்கள். அந்தக் கட்டம் வெறும் தகவல் இல்லை, மனத்தைக் கீழே இழுக்கும் எடையும்கூட. இது தெரிந்த மாணவர் அடுத்த முறை அந்தக் கட்டத்தைக் கையால் மறைத்துவிட்டு, தன்னால் எவ்வளவு முடியும் என்று முதலில் யோசிப்பார். முழுத்தொகையைக் கட்டாத மாதத்திலிருந்து, பெரும்பாலான கார்டுகளில் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாள் முதலே வட்டி ஓடத் தொடங்கும் என்பதையும் கையோடு சொல்லிவிடுங்கள். வட்டியில்லாத நாட்கள் எல்லாம் முழுத்தொகை கட்டுகிறவருக்கு மட்டும்தான்.

இதற்கெல்லாம் தனிப் பாடவேளை எங்கே என்று நீங்கள் கேட்பீர்கள். பாதிக்கு மேல் ஏற்கெனவே கணக்குப் பாடத்துக்குள்ளேயே இருக்கிறது. பெருக்குத் தொடர், அடுக்கு, மடக்கை எல்லாம் நடத்துகிறோம். இயற்கை மடக்கையின் அடிமானம் 2.718 என்று சொல்கிறோம். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று மட்டும் சொல்வதில்லை. 1683-இல் யாக்கோபு பெர்னூலி என்ற கணித அறிஞர் போட்ட ஒரு வட்டிக் கணக்கிலிருந்து வந்தது. ஆண்டுக்கு நூறு சதவீத வட்டியை ஆண்டுக்கு ஒரு முறை சேர்த்தால் ஒன்று இரண்டாகும். அரையாண்டுக்கு ஒரு முறை சேர்த்தால் 2.25. மாதாமாதம், நாள்தோறும், நொடிக்கு நொடி என்று சேர்த்துக்கொண்டே போனால் எங்கே போய் நிற்கும்? 2.718-இல். கடன்காரர் கேட்க வேண்டிய கேள்வியிலிருந்து பிறந்த எண்ணைக் கடனோடு ஒட்டும் உறவும் இல்லாதது போல நடத்திக்கொண்டிருக்கிறோம். 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் இரட்டிப்பாக எத்தனை ஆண்டு ஆகும் என்று தெரியும் அல்லவா, அந்தக் குறுக்குவழியும் லூக்கா பாச்சோலி 1494-இல் வெனிஸில் அச்சிட்ட கணக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது. 6 சதவீதத்தில் சேமிப்பு பன்னிரண்டு ஆண்டில் இரட்டிக்கும். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், சும்மா வைத்திருக்கும் பணத்தின் வாங்கும் சக்தி அதே பன்னிரண்டு ஆண்டில் ஏறக்குறையப் பாதியாகும். மாதம் 3 சதவீதக் கார்டு கடனைக் கட்டாமல் விட்டால் இரண்டே ஆண்டில் இரட்டிக்கும். ஒரே வகுத்தலில் மூன்று பாடம்.

போகிற போக்கில் ஒன்று. கூட்டு வட்டி உலகின் எட்டாவது அதிசயம் என்று ஐன்ஸ்டைன் சொன்னதாகப் போட்டுத் தொடங்காத நிதிப் பாடமே இல்லை. அவர் அப்படிச் சொன்னதற்கு நம்பத்தகுந்த சான்று எதுவும் கிடைத்ததில்லை. தயவுசெய்து உங்கள் பாடநூலில் அதைப் போடாதீர்கள். பணம் விஷயத்தில் யார் சொன்னது, எங்கே சொன்னது என்று விசாரிக்கக் கற்றுத்தரும் புத்தகமே விசாரிக்காத மேற்கோளோடு தொடங்கினால் நன்றாக இருக்காது.

சம்பளச் சீட்டுக்கு ஒரு வகுப்பு போதும். மொத்தச் சம்பளம் வேறு, கையில் வருவது வேறு. நடுவில் உள்ள பிடித்தங்களில் எது வரி, எது பிற்காலத்தில் தனக்கே திரும்பி வரும் சேமிப்பு, எது காப்பீடு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் சரி. ஒரு தவறான நம்பிக்கையை மட்டும் அங்கேயே உடைத்துவிட வேண்டும். சம்பளம் உயர்ந்து அடுத்த வரிப் படிக்குப் போய்விட்டால் கையில் வருவது குறைந்துவிடும் என்று படித்தவர்களே பேசுவதைக் கேட்டிருக்கிறேன். படிநிலை வரியில் உயர்ந்த விகிதம் அந்தப் படிக்கு மேலே உள்ள தொகைக்கு மட்டும்தான். கீழே உள்ள தொகைக்குப் பழைய விகிதமே.

வாடகை ஒப்பந்தத்தில் மூன்று இடங்களைப் படித்தால் பெரும்பாலான சண்டைகள் வராது: முன்பணம் எந்த நிபந்தனையில் திரும்பும், காலி செய்ய எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும், பழுது யார் செலவு. காப்பீட்டில் ஒரு கேள்வி: எனக்கு ஏதாவது ஆனால் யாருக்கு, எவ்வளவு இழப்பு? அந்த இழப்புக்குத்தான் காப்பீடு. தன்னை நம்பி யாரும் இல்லாத இருபது வயதுக்காரருக்கு ஆயுள் காப்பீட்டை முதலீடு என்று சொல்லி விற்க வருபவரிடம் கேட்கவும் ஒரு கேள்வி உண்டு. இதில் உங்கள் கமிஷன் எவ்வளவு?

எந்தப் பாட ஏட்டிலும் நான் பார்க்காத இரண்டு விஷயங்கள் உண்டு. இரண்டுமே இளைஞர்களைத்தான் அதிகம் குறிவைக்கின்றன.

முதலாவது ஜாமீன் கையெழுத்து. நண்பர் கேட்கிறார், 'சும்மா ஒரு சாட்சி மாதிரிதான்' என்கிறார். அது சாட்சி இல்லை. அவர் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்ற வாக்குறுதி, அதுவும் எழுத்தில். பல ஒப்பந்தங்களில் கடன் வாங்கியவரை முழுவதும் துரத்தி முடித்த பிறகுதான் ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்ற கட்டாயமே இருக்காது. மாணவர்களிடம் நான் சொல்வது: அந்தத் தொகையை உங்கள் கையிலிருந்தே கொடுக்கச் சம்மதமா என்று கேட்டுப் பாருங்கள், சம்மதம் என்றால் போடுங்கள். மறுக்கும் விதத்தையும் பழக்க வேண்டும். இருவர் இருவராக நிறுத்தி, ஒருவர் கேட்க, மற்றவர் உறவு கெடாமல் மறுத்துக் காட்டச் சொன்னால் சிரிப்பும் கும்மாளமுமாக ஒரு வகுப்பு போய்விடும். ஆனால் அந்த வாக்கியங்கள் வாயில் ஏறிவிடும். முகத்துக்கு நேராக மறுப்பது கணக்குப் போடுவதை விடக் கடினமான வேலை.

இரண்டாவது வங்கிக் கணக்கை வாடகைக்கு விடுவது. 'உன் கணக்கில் ஒரு தொகை வரும், உனக்குப் பங்கு எடுத்துக்கொண்டு மீதியை இன்ன கணக்குக்கு அனுப்பு, அவ்வளவுதான் வேலை' என்று யாரோ சொல்வார்கள். வருவது வேறு யாரிடமோ ஏமாற்றிப் பிடுங்கிய பணம். விசாரணை வரும்போது முதலில் தட்டப்படும் கதவு கணக்கு வைத்திருப்பவருடையது. ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதே என்று ஊரெல்லாம் சொல்கிறது. கணக்கையே யாருக்கும் கொடுக்காதே என்று அவ்வளவு உரக்க யாரும் சொல்வதில்லை. முந்தையதில் பிள்ளை பணத்தை இழக்கும். பிந்தையதில் குற்றவாளியாகவே நிற்கும்.

மோசடித் திட்டங்களைப் பற்றி நடத்துவதானால் எச்சரிக்கை வாசகங்களை விட்டுவிட்டுக் கணக்குப் போடச் சொல்லுங்கள். 1920-இல் பாஸ்டனில் சார்லஸ் பொன்சி 45 நாளில் 50 சதவீதம் லாபம் தருவதாகச் சொன்னார். ஓராண்டில் 45 நாள் எட்டு முறை வரும். 1.5-ஐ எட்டு முறை பெருக்கினால் 25-க்கு மேல். போட்ட பணம் ஓராண்டில் 25 மடங்கு ஆகும் தொழில் ஒன்று உண்மையிலேயே இருந்தால், அதன் உரிமையாளர் எதற்காக ஊராரிடம் பணம் கேட்டு அலைய வேண்டும்? இந்தக் கணக்குப் பேராசைக்காரர்களைப் பிடிக்கும் வலையைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் 2008-இல் வெளியே வந்த பெர்னார்ட் மேடாஃப் மோசடியைக் காட்டாது. அவர் மடங்கு மடங்காகத் தருவதாகச் சொல்லவில்லை, மிதமான லாபத்தைக் கணக்கில் காட்டினார். விபரீதம் லாபத்தின் அளவில் இல்லை, சந்தை ஏறினாலும் இறங்கினாலும் அது ஒரே சீராக வந்ததில்தான் இருந்தது. ஏமாந்தவர்களில் அறக்கட்டளைகளும் நிதித் துறையிலேயே பழுத்தவர்களும் இருந்தார்கள். ஆகையால் 'படித்தவர் ஏமாற மாட்டார்' என்ற தொனி பாடத்தில் எங்கும் வந்துவிடக் கூடாது. அந்தத் தொனி ஏமாந்தவரை வெட்கப்பட்டு வாயை மூட வைக்கிறது. அவர் வாயை மூடினால் அடுத்தவர் ஏமாறுவார்.

முதலீட்டைப் பற்றி நான் சொல்வது பலருக்குப் பிடிக்காது. பள்ளியில் பங்குச் சந்தை விளையாட்டு வேண்டாம். கற்பனைப் பணத்தை வைத்து ஆறு வாரம் பங்கு வாங்கி விற்று, அதிக லாபம் காட்டிய குழுவுக்குப் பரிசு என்று நடத்துகிறார்கள். ஆறு வாரத்தில் ஜெயிக்க ஒரே வழி எல்லாவற்றையும் ஒன்றிரண்டு பங்குகளில் போட்டுச் சூதாடுவதுதான். நிதானமாகப் பிரித்துப் போட்ட பிள்ளை கடைசியில் நிற்கும். எதைச் செய்யக் கூடாது என்று நினைக்கிறோமோ அதற்குக் கோப்பை கொடுக்கிறோம். அதற்குப் பதில் கட்டணத்தைப் பற்றி ஒரு கணக்கு. ஒரு லட்சம், நாற்பது ஆண்டு. ஆண்டுக்கு 7 சதவீதம் வளர்ந்தால் ஏறக்குறைய 15 லட்சம். அதில் 1 சதவீதத்தை நிர்வாகக் கட்டணமாகக் கழித்து 6 சதவீதம் என்றால் 10 லட்சத்துக்குச் சற்று மேல். ஒரு சதவீதம் என்று சொன்னது கடைசியில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தின்றுவிட்டது. பதினெட்டு வயதில் முதலீட்டைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும், மீதியைக் கையில் பணம் வந்த பிறகு கற்றுக்கொள்ளலாம்.

பாடத்தால் முடியாதது எது என்பதையும் குழு ஒப்புக்கொண்டால் பாடம் நேர்மையாக இருக்கும். 2001-இல் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் ஊழியர்களைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. ஓய்வூதியச் சேமிப்பில் சேர விரும்புகிறவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று இருந்தபோது பாதிப் பேர்கூடச் சேரவில்லை. எல்லோரும் தாமாகவே சேர்க்கப்படுவார்கள், வேண்டாம் என்பவர்கள் விலகலாம் என்று மாற்றியதும் புதிதாக வேலைக்கு வந்தவர்களில் 86 சதவீதம் பேர் திட்டத்தில் இருந்தார்கள். யாருக்கும் ஒரு வரிகூடப் புதிதாகச் சொல்லித் தரவில்லை, படிவத்தை மட்டும் மாற்றினார்கள். 2004-இல் வெளியான தாலர், பெனார்ட்சி ஆய்வில் இனி வரும் சம்பள உயர்வில் ஒரு பகுதி தானாகச் சேமிப்புக்குப் போகட்டும் என்று சம்மதம் கொடுத்தவர்களின் சேமிப்பு, நாற்பது மாதத்தில் சம்பளத்தில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதத்துக்கு உயர்ந்தது. படிவங்களையும் விதிகளையும் சரிசெய்ய வேண்டியவர்கள் அதைச் செய்யாமல், 'பள்ளியில் கற்றுக்கொடுத்தோமே' என்று பழியைப் பிள்ளைகள் தலையில் போட உங்கள் பாடம் சாக்காகிவிடக் கூடாது. வருமானமே போதாத வீட்டுப் பிள்ளையிடம் 'வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு சேமி' என்று எழுதிக் காட்டுவதும் அப்படித்தான். அந்த வீட்டில் காசின் கணக்கு நம்மை விட நன்றாகவே தெரியும். குறைவது காசுதான்.

யார் நடத்துவது என்ற கேள்வியில் நான் கறாராக இருக்கிறேன். கடனும் காப்பீடும் விற்கும் நிறுவனங்கள் இலவசமாகப் புத்தகம் தருவார்கள், ஆளும் அனுப்புவார்கள், மாணவர்களுக்குப் பையும் பேனாவும் கொடுப்பார்கள். பள்ளிகளுக்குச் செலவு மிச்சம் என்பதால் மறுப்பது கஷ்டம். அந்தப் புத்தகங்களில் சேமிப்பு, திட்டமிடல், பொறுப்பு என்று எல்லாம் இருக்கும். ஃபிளாட் வட்டிக் கணக்கு மட்டும் இருக்காது. வந்து பேசுவதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் தங்கள் ஒப்பந்தப் படிவத்தைக் கொண்டு வரட்டும், மாணவர்கள் கேள்வி கேட்கட்டும், ஆசிரியர் பக்கத்தில் இருக்கட்டும். பாடநூல் எழுதும் வேலையில் அவர்களைச் சேர்க்காதீர்கள்.

தேர்வும் வேண்டாம் என்று சொல்லத்தான் ஆசை. தேர்வு இல்லாத பாடத்தை எந்தப் பள்ளியும் நடத்தாது என்பது உங்களைப் போலவே எனக்கும் தெரியும். 15 வயது மாணவர்களின் நிதி அறிவை முதன்முதலாக 2012-இல், பல நாட்டு மாணவர்களை ஒப்பிடும் சர்வதேசத் தேர்வான பிசா 18 நாடுகளிலும் பகுதிகளிலும் அளந்தபோது, மாணவர்களிடம் விலைச்சீட்டு, சம்பளச் சீட்டு போன்ற காகிதங்களையே கொடுத்து அவற்றைப் பற்றிக் கேட்டார்கள். அந்த வழியைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான்கு பக்கக் கடன் ஒப்பந்தம் ஒன்றைத் தேர்வறையில் கொடுத்து, ஒரு மணி நேரம் விடுங்கள். மொத்தம் எவ்வளவு கட்டுவாய்? முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா, எந்தப் பத்தியில்? கையெழுத்துப் போடுவதற்கு முன் இவரிடம் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகளை எழுது. புத்தகம் பார்த்து எழுதலாம். வாழ்க்கையில் யாரும் ஒப்பந்தத்தை மனப்பாடம் செய்துவிட்டுக் கையெழுத்துப் போடப் போவதில்லை.

நேரத்தைப் பொறுத்தவரை கடைசி ஆண்டின் கடைசிப் பகுதியில் பதினைந்து பாடவேளை கேட்கிறேன். பொதுத்தேர்வுக்கு முன் முடியாது என்றால் தேர்வுக்கும் முடிவுக்கும் இடையில் சும்மா இருக்கும் வாரங்களில் வைக்கலாம். அப்போது பிள்ளைகள் கல்லூரி, கடன், வேலை என்று பேசிக்கொண்டிருப்பார்கள், காதும் திறந்திருக்கும். ஆசிரியர்களுக்கும் முன்பே இரண்டு நாள் பயிற்சி வேண்டும். ஃபிளாட் வட்டியில் கடன் வாங்கியிருக்கும் ஆசிரியர்கள் அந்தப் பயிற்சியில் என்ன ஆவார்கள் என்று எனக்குத் தெரியும், ஒரு பெட்டி தலைவலி மாத்திரையும் வைத்துவிடுங்கள்.

பெயர், முகவரி, கணக்கு எண் எல்லாம் நீக்கிய மாதிரிக் காகிதங்களும், மேலே சொன்ன கணக்குகளுக்கான பயிற்சித் தாள்களும் என்னிடம் தயாராக இருக்கின்றன. குழு கேட்டால் அனுப்பி வைக்கிறேன், திருத்திப் பயன்படுத்திக்கொள்ளலாம். வாடகை ஒப்பந்தத்தில் மட்டும் ஒரு வழக்கறிஞர் பார்வை தேவைப்படும், அங்கங்கே உள்ள சட்டத்துக்கு ஏற்ப மாறும்.

இப்படிக்கு,
ஒரு கணக்கு ஆசிரியர்